தாமதமாக ஒரு பதில்



பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். ஆனால் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள், முக்கியமாக 1994-ம் வருட வகுப்பில் இருந்தவர்கள், கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். கையில் ஒரு மரப்பெட்டி. திறந்தால் உள்ளே வரிசையாக அலுமினியத் தகடுகள். தகடு முழுக்கத் திருகுகள், சின்னச் சின்னத் துளைகள், மினுக்கும் விளக்குகள். மாடுலர் சிந்தசைஸர் என்றான். கீபோர்டு மாதிரி வாங்கியவுடன் வாசிக்கிற வாத்தியம் இல்லை இது. ஒலி உண்டாக்க ஒரு தகடு, ஒலியை வடிகட்ட ஒன்று, கூட்டிக் குறைக்க ஒன்று. அவற்றை ஒயரால் இணைத்தால்தான் பாட்டு. ஒயர் இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

எனக்கு நம் பள்ளி ஆய்வகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மேசையில் பேட்டரி ஒரு பக்கம், ரியோஸ்டாட் ஒரு பக்கம், கால்வனாமீட்டர் ஒரு பக்கம். ஒயரைச் சரியாக மாட்டினால்தானே அங்கேயும் முள் அசையும்?

ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் என்பவர் 1990-களின் நடுவில் ஏ-100 என்ற பெயரில் இந்த அளவை ஏற்படுத்தினாராம். தகட்டின் உயரம் 128.5 மி.மீ., மின்சாரம் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட், துளை 3.5 மி.மீ. இன்று உலகத்தில் யார் செய்தாலும் அநேகமாக இந்த அளவில்தான் செய்கிறார்கள். அதனால் ஒருவர் செய்த தகடு இன்னொருவர் பெட்டியில் உட்கார்ந்துவிடும். யூரோராக் என்று பெயர்.

பேரனுக்கு ஒரு குறை இருந்தது. "தாத்தா, க்ளாக் டிவைடர் ஒண்ணு வேணும். வாங்கப் போனா விலை ஜாஸ்தி. உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா ஒரே ஒரு ஐ.சி.தான். நீங்க ஃபிசிக்ஸ் சார்தானே, செஞ்சு தர முடியுமா?"

க்ளாக் டிவைடர் என்றால் என்ன என்று உறவினர்கள் கேட்பீர்கள். நம் பள்ளி மணிதான். ஒரு நாளைக்கு எட்டுப் பீரியட். ஒவ்வொரு பீரியடுக்கும் மணி அடிக்கிறது. இரண்டு பீரியடுக்கு ஒரு முறை பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள். நாலு பீரியடுக்கு ஒரு முறை சாப்பாடு அல்லது வீடு. எட்டுக்கு ஒரு முறை நீண்ட மணி. அடிப்பது ஒரே மணிதான். அதை எண்ணி, இரண்டில் ஒன்று, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கிற வேலையைத்தான் இந்தத் தகடு செய்கிறது. வேகமான துடிப்பு ஹைஹேட்டுக்கு, அதில் நாலில் ஒன்று பெரிய டிரம்முக்கு, முப்பத்திரண்டில் ஒன்று சுருதி மாற்றத்துக்கு. டோப்ஃபரின் ஏ-160 என்ற தகடு 2, 4, 8, 16, 32, 64 என்று ஆறு வழியாகப் பிரித்துத் தருகிறது.

"செஞ்சுடலாம்டா" என்றேன். வாய்தான் சொன்னது. முப்பத்திரண்டு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தியவன், சொந்தமாக ஒரு சர்க்யூட்டைச் சாலிடர் செய்து ஓட வைத்ததே கிடையாது. ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் ரெடிமேட் கிட். பெட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இதை உங்களிடம் இவ்வளவு நாள் சொல்லவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் என் மைத்துனர் மகனை அலையவிட்டு சாமான்கள் வரவழைத்தேன். சி.டி.4024 ஐ.சி. நாலு, வெரோ போர்டு, ரெசிஸ்டர், ஜாக்குகள். ஐ.சி. ஒன்றின் விலை ஒரு காப்பிக் காசு. இந்த 4000 வரிசையை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1968-ல் கொண்டுவந்தது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்பே பிறந்த ஐ.சி. இன்னும் கடையில் கிடைக்கிறது.

அதற்குள்ளே என்ன இருக்கிறது? ஏழு பட்டன் பேனா இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் முனை வெளியே வரும். இன்னொரு அழுத்தில் உள்ளே போகும். முனை ஒரு தடவை வெளியே வந்து உள்ளே போக இரண்டு அழுத்து வேண்டும். அதுதான் இரண்டால் வகுத்தல். முதல் பேனாவின் முனை உள்ளே போகும்போது அது இரண்டாவது பேனாவை அழுத்துகிறது. அப்போது இரண்டாவது பேனா ஒரு சுற்று முடிக்க நாலு அழுத்து. மூன்றாவதுக்கு எட்டு. ஏழாவதுக்கு 128. ஒவ்வொரு பேனாவுக்கும் ஃப்ளிப்ஃப்ளாப் என்று பெயர். எக்லஸ், ஜோர்டன் என்ற இருவர் 1918-ல் இங்கிலாந்தில் வால்வு வைத்து இதைச் செய்து காப்புரிமை கேட்டார்கள். 1930-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின் வில்லியம்ஸ் என்பவர் அணுத் துகள்களை எண்ண இதே இரண்டிரண்டாக வகுக்கும் முறையைக் கையாண்டார். துகள்கள் வந்து விழும் வேகத்துக்கு இயந்திர எண்ணி ஓட முடியவில்லை. அதனால் வகுத்து, மெதுவாக்கி, பிறகு எண்ணினார்.

உங்கள் கையில் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரமும் இதேதான். படிகம் நொடிக்கு 32,768 முறை துடிக்கிறது. பதினைந்து தடவை இரண்டால் வகுத்துப் பாருங்கள். சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றில்தான் நொடி முள் நகர்கிறது. ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குப் போட்டுவிட்ட கடிகாரத்துக்குள்ளேயும் ஒரு க்ளாக் டிவைடர் பதினெட்டு மணி ஆசிரியர் மாதிரி ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஐ.சி. வந்த அன்று இரவு அதன் விவரத் தாளைப் பேரன் லேப்டாப்பில் காட்டினான். உள்ளே இருக்கும் படம். ஒரு கேட்டின் அவுட்புட் கிளம்பி, சுற்றி வந்து, மறுபடியும் இன்புட் பக்கமே போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு ஃப்ளிப்ஃப்ளாப்பிலும் அதே சுற்று. பார்த்துக்கொண்டே இருந்தேன். பேரன் "என்ன தாத்தா?" என்றான். "ஒண்ணுமில்லடா, படு" என்றேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

1994-ல், லாஜிக் கேட் பாடம். கரும்பலகையில் நேண்ட் கேட் வரைந்து உண்மை அட்டவணை எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அதிகம் பேசாத பையன். "ஐயா, இந்த அவுட்புட்டைத் திருப்பி அதோட இன்புட்லயே குடுத்தா என்ன ஆகும்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "பரீட்சைக்கு வருமா அது? வராது. உட்கார். அவுட்புட்டைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி கொடுக்கப் போகிறானாம்." வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ் செய்தான். வணிகவியலில் சேர்ந்தான் என்று யாரோ சொன்னார்கள். என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. என் பங்கு எதுவுமே இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

மறுநாள் காலை சாலிடரிங் அயர்னைக் கையில் எடுத்தேன். கை நடுக்கம் இருக்கிறது. பேரன் போர்டைப் பிடித்துக்கொண்டான். இரண்டு நாள் ஆனது.

முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது பட்டை ஒயரைத் திருப்பி மாட்டிவிட்டேன். அதில் ஒரு ஓரம் சிவப்புக் கோடு இருக்கும், அது மைனஸ் 12 பக்கம் வர வேண்டும். பிளஸ் இடத்தில் மைனஸ் போய், ஐ.சி. தொட முடியாத சூடாகி, ஒரு நாற்றத்தோடு உயிரை விட்டது. பேரன் முகத்தைப் பார்த்தேன். அவன், "நானும் போன வருஷம் இதையேதான் தாத்தா பண்ணேன். ஒரு டையோடு போட்டுடுங்க, திருப்பி மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். அவ்வளவுதான். கால்வனாமீட்டர் முள்ளை வளைத்தவர்களிடம் அபராதம் வசூலித்தவன் நான். அபராதம் கட்டியவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு டையோடு பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐ.சி. சாகவில்லை. எண்ணவும் இல்லை. பேரனின் பெட்டியிலிருந்து வரும் துடிப்பு 5 வோல்ட். என் ஐ.சி. ஓடுவது 12 வோல்ட்டில். 12 வோல்ட்டில் ஓடும் இந்த வகை ஐ.சி.க்கு எட்டு வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் நிச்சயமாக 'ஒன்று' என்று காதில் விழும். ஐந்து வோல்ட் அதற்குக் கிசுகிசுப்பு. நடுவில் பி.சி.547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்தேன். பேஸுக்கு 100 கிலோ ஓம், கலெக்டருக்கு 10 கிலோ ஓம். கிசுகிசுப்பை வாங்கி உரக்கச் சொல்லும் ஆள் அது. இதில் ஒரு லாபமும் உண்டு. 4024 துடிப்பு இறங்கும்போதுதான் எண்ணும். டிரான்சிஸ்டர் ஏற்றத்தை இறக்கமாகத் திருப்பிவிடுவதால், இப்போது துடிப்பு ஏறும் கணத்திலேயே எண்ணுகிறது.

எண்ண ஆரம்பித்தது. ஆனால் மின்விசிறி போட்டால் நடுவில் நிற்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் மறுபடி ஓடும். என் மனைவி பார்த்துவிட்டு, "உங்க கை ராசி அப்படி" என்றாள். ராசி இல்லை. இரண்டாம் நம்பர் கால் ரீசெட். அதை எங்கேயும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தேன். இந்த வகை ஐ.சி.யில் சும்மா விட்ட இன்புட் காற்றில் இருக்கும் மின்னலையெல்லாம் வாங்கிக்கொண்டு தன்னிஷ்டத்துக்கு ஆடும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டதும் அடங்கியது. ஐ.சி.யின் பவர் கால் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் வைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை ஆறு விளக்கும் வரிசையாக மினுக்கின. வீட்டில் பாயசம் வைக்காத குறை. பேரன் டிரம்மை இணைத்துக் கேட்டான். முகம் சுருங்கியது.

"தாத்தா, எல்லாம் ஓடுது. ஆனா ஒண்ணா வந்து விழ மாட்டேங்குது."

என் மனைவி கல்யாணத்துக்கு முன் வீணை கற்றவள். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சமத்துல சேரலை. சின்னது விழும்போது பெரிசு எழுந்திருக்கு."

நான் விளக்குகளையே பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. பேனாவை நினைத்துப் பாருங்கள். முதல் பேனாவின் முனை உள்ளே போகும்போதுதான் அடுத்த பேனாவின் முனை வெளியே வருகிறது. எட்டால் வகுக்கும் விளக்கு எரிய ஆரம்பிக்கும் அதே கணத்தில் இரண்டும் நாலும் அணைந்துவிடுகின்றன. எத்தனை நேரம் ஓட விட்டாலும் இரண்டு விளக்கு ஒன்றாக எழுந்திருக்காது. அதன் பிறவிக் குணம் அது.

இரவு பதினொரு மணிக்கு விடை தோன்றியது. முனை வெளியே வருவதை 'ஒன்று' என்று எண்ணுவதற்குப் பதிலாக உள்ளே போவதை 'ஒன்று' என்று எண்ணினால்? எல்லாப் பேனாவும் ஒரே கணத்தில் உள்ளே போகிற தருணம் இருக்கிறதே! ஆறு அவுட்புட்டையும் தலைகீழாக்க வேண்டும், அவ்வளவுதான். 40106 என்ற ஐ.சி.யில் தலைகீழாக்கும் கேட் சரியாக ஆறு இருக்கிறது. எனக்கென்றே செய்து வைத்த மாதிரி. மறுநாள் அதைச் சேர்த்தோம். ஒவ்வொரு அவுட்புட்டிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிறகு ஜாக். இப்போது ரீசெட் கொடுத்தால் அந்தக் கணமே சமம். ஆறு விளக்கும் சேர்ந்து எரிகின்றன. பிறகு அறுபத்து நாலாவது துடிப்பில் ஆறும் மறுபடி ஒன்றாக எழுகின்றன. பேரன் கத்திய கத்தலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

என் மனைவி மட்டும் விடவில்லை. "எல்லாம் ரெண்டு, நாலு, எட்டுன்னே போறதே. திஸ்ரம் எங்கே? கண்டம் எங்கே?"

அதற்கு இன்னொரு தகடு. சி.டி.4017 என்ற ஐ.சி. பத்து அவுட்புட், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றாக விளக்கு நகர்ந்துகொண்டே போகும். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால், மூன்றாம் அவுட்புட்டை அதன் ரீசெட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டால் மூன்று எண்ணியதும் தொடக்கத்துக்கு வந்துவிடும். ஐந்தாம் அவுட்புட்டைக் கொடுத்தால் ஐந்து. ஐந்து நிலை உள்ள சுழல் சுவிட்ச் ஒன்றை வைத்து ஏழாம், பத்தாம், முதலாம், ஆறாம், பதினோராம் கால்களை அதில் இணைத்தேன். மூன்று, நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம். பதின்மூன்றாம் காலைக் கிரவுண்டில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணாது. 4017 துடிப்பு ஏறும்போது எண்ணுவது. அதனால் இன்னொரு பி.சி.547 வைத்து ஒரு முறை மறுபடி திருப்பினேன். வெளியிலிருந்து வரும் ரீசெட்டும் உள்ளே திரும்பும் ரீசெட்டும் மோதாமல் இருக்க ஆளுக்கொரு டையோடு.

இப்படி இரண்டு செய்தோம். ஒன்றைக் கண்டத்திலும் ஒன்றை மிஸ்ரத்திலும் வைத்து ஓட விட்டோம். நொடிக்கு இரண்டு துடிப்பு. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். இரண்டும் பிரிந்து, குறுக்கே மறித்து, விலகி, முப்பத்தைந்தாவது துடிப்பில், பதினேழரை நொடியில், ஒன்றாக வந்து விழுந்தன. என் மனைவி அதற்கு முன்பே கையை ஓங்கி வைத்திருந்தாள். சரியாகச் சமத்தில் தொடையில் தட்டினாள். எட்டாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கும் இது பதில். ஐந்து ஜாதியையும் சேர்த்து ஓட விட்டால் 1260-வது துடிப்பில்தான் எல்லாம் சந்திக்கும். இதே வேகத்தில் பத்தரை நிமிடம்.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். தகடுகளும் போய்விட்டன. மீதி இருந்த 40106 ஒன்றை எடுத்து, ஒரே ஒரு கேட்டின் அவுட்புட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக அதன் இன்புட்டுக்கே திருப்பிக் கொடுத்தேன். இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். விளக்கு தானாக மினுக்க ஆரம்பித்தது.

இனி அந்த மாணவனுக்கு.

தம்பி, நீ 1994-ல் கேட்ட கேள்விக்கு என் பதில். அவுட்புட்டைத் திருப்பி அதன் இன்புட்டிலேயே கொடுத்தால் அந்த கேட் தனக்குத்தானே மறுப்புச் சொல்லிக்கொள்ளும். ஒன்று என்றும் நிற்க முடியாது, பூஜ்யம் என்றும் நிற்க முடியாது. நடுவில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்துக் கொஞ்சம் தாமதப்படுத்தினால், இதோ என் மேசையில் இருக்கும் ஐ.சி. மாதிரி, சீராகத் துடிக்கும். அது க்ளாக். இரண்டு நேண்ட் கேட்டை எடுத்து ஒன்றின் அவுட்புட்டை மற்றதன் இன்புட்டுக்குக் குறுக்கே கொடுத்தால் கடைசியாகச் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அது நினைவகம். அப்படி ஞாபகம் வைத்திருப்பதைத் தலைகீழாக்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் திருப்பி உள்ளே கொடுத்தால் இரண்டால் வகுக்கும். அது டிவைடர். கடிகாரமும் கம்ப்யூட்டரும் உன் கேள்வியில் இருந்துதான் கிளம்புகின்றன. அன்று வகுப்பில் நான் எழுதிய அட்டவணையை விட நீ கேட்டது பெரிது. எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்க உன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன். அது தவறு. மன்னித்துக்கொள்.

பெயரைப் போடவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவனை இங்கே டேக் செய்ய வேண்டாம். போன் நம்பர் இருப்பவர்கள், சார் ஒரு பதில் எழுதியிருக்கிறார், விருப்பமிருந்தால் பார் என்று மட்டும் சொல்லுங்கள். மினுக்கிக்கொண்டிருக்கும் இந்தச் சின்ன போர்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவன் வந்தால் அவனுக்கு. வராவிட்டாலும் அவனுக்குத்தான்.

மற்றவர்கள், விட்டுப்போன கேள்வி ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் டைம் கேட்பேன்.